பால்கனியிலிருந்து வாரியக் குடியிருப்பு தெரிகிறது, வாங்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குச் சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை. பெரும்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் டூ பெட்ரூம் ஃப்ளாட், எட்டு வருஷப் பழசு, ரீசேல், 54 லட்சம் சொல்கிறார்கள். ஏறக்குறைய இதே அளவு ஃப்ளாட் மேடவாக்கம் பக்கம் 66க்குக் கீழே இறங்கவில்லை. பால்கனியில் நின்றால் குடிசை மாற்று வாரியத்தின் எட்டு மாடி பிளாக்குகள் வரிசையாகத் தெரிகின்றன. மாமனார் “அந்த ஏரியாவா, வேண்டவே வேண்டாம்” என்கிறார். புரோக்கர் “மெட்ரோ வந்துடும் சார், அப்புறம் இந்த ரேட்டை நெனச்சுக்கூடப் பாக்க முடியாது” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நான் சிவில் இன்ஜினியர். வங்கிகளுக்கு வீட்டு மதிப்பீடு எழுதிக் கொடுப்பது இருபத்திரண்டு வருஷமாகப் பிழைப்பு. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் மட்டும் எத்தனை ஃப்ளாட்டுக்குள் டேப்பும் கையுமாக ஏறி இறங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் மாமனாரும் புரோக்கரும் இரண்டு பேருமே பால்கனி வழியாக வெளியே பார்க்கிறார்கள். நீங்கள் லிஃப்டில் இறங்கிக் கீழே போய், காம்பவுண்டுச் சுவரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

“வாரிய வீடுகளுக்குப் பக்கத்தில் வாங்கலாமா” என்று பொதுவாகக் கேட்டால், சென்னையில் வேறு எங்கே வாங்குவீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்கத் தோன்றும். எம்.ஆர்.சி. நகரில் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர் பால்கனியிலிருந்து சீனிவாசபுரம் வாரியக் குடியிருப்பு தெரிகிறது. சாந்தோம், பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் எல்லாம் கடற்கரையில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடப்பவை. அங்கே யாரும் “பக்கத்தில் போர்டு வீடு இருக்கிறது, ரேட்டைக் குறையுங்கள்” என்று பேரம் பேசி நான் பார்த்ததில்லை. கடல்காற்றுக்கும் மயிலாப்பூர் முகவரிக்கும் மதிப்பு போட்ட பிறகு மற்றது கண்ணில் படுவதில்லை போலிருக்கிறது.

அண்ணா நகர், கே.கே. நகர், அசோக் நகர், பெசன்ட் நகர் இவையெல்லாம் இன்னொரு அரசு வாரியமான வீட்டு வசதி வாரியம் போட்ட நகர்கள். எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வருமானத்தை வைத்துப் பிரித்துக் கட்டியவை. இன்று அண்ணா நகரில் பழைய எல்.ஐ.ஜி. வீடு விலைக்கு வந்தால் ஆள் அனுப்பி விசாரிக்கிறார்கள்.

நான் குடியிருக்கும் முகப்பேர் இன்னும் சுவாரசியம். 1970களின் இறுதியில் உலக வங்கிக் கடனில் சென்னையில் ஒரு திட்டம் தொடங்கியது. அரசு வீடு கட்டித் தராது. மனை பிரித்து, தெரு, தண்ணீர், சாக்கடை போட்டுக் கொடுக்கும். குடும்பம் தன் கையில் காசு வர வர வீட்டைக் கட்டிக்கொள்ளும். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர், அப்புறம் முகப்பேர், மதுரவாயல், மணலி. மிகச் சிறிய மனைகளை ஏழைகளுக்கு ஒதுக்கி, பெரிய மனைகளைச் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். திட்டம் நடந்தபோது தோல்வி என்று பேசியவர்கள் பலர். இருபது வருஷம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக இவை வளர்ந்துவிட்டதாகச் சொன்னது. எங்கள் தெருவில் அரை கிரவுண்டு கூட இல்லாத மனையில் மூன்று மாடி எழுப்பி மேலே வாடகைக்கு விட்டவர் இருக்கிறார், பக்கத்திலேயே இரண்டு கார் நிற்கும் வீடும் இருக்கிறது. குறுகலான வீடுகள் எப்படி வந்தன என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வரவில்லை.

சரி, இதை வைத்துப் பெரும்பாக்கமும் நாளைக்கு முகப்பேராகிவிடும் என்று நான் சொன்னால் அது புரோக்கர் பேச்சு. இரண்டும் ஒன்றில்லை.

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. “ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்” என்ற வரி அதன் அடையாளம். (2021இல் பெயரைத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். ஊர் வாயில் இன்னும் ஸ்லம் போர்டுதான்.) முதல் காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடி கட்டி, அதே ஆட்களை அங்கேயே ஏற்றினார்கள். அவர்கள் வேலை, பள்ளிக்கூடம், கடன் சொல்லி அரிசி வாங்கும் கடை எதுவும் மாறவில்லை. 2000 வாக்கில் வழி மாறியது. கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களை நகரத்துக்கு வெளியே மொத்தமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். கண்ணகி நகரில் 15,000 வீடுகளுக்கு மேல். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் 6,000க்கு மேல். பெரும்பாக்கத்தில் 20,000ஐத் தாண்டும். ஒரே வருமானம், ஒரே இடம், அத்தனை ஆயிரம் குடும்பம். கண்ணகி நகரின் பழைய வீடுகள் சுமார் 200 சதுர அடி. உங்கள் ஹாலை விடச் சிறியதாக இருக்கலாம்.

எழும்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்மணிக்கு 25 கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தால் அந்த நாலு வீடும் போச்சு. பிள்ளைகளுக்குப் பாதி வருஷத்தில் பள்ளிக்கூடம் மாறும். சும்மா நிற்கும் பையன்கள் அதிகமாவார்கள். கஞ்சா, மாடிப்படிக்கட்டில் கூட்டம், இரவுச் சண்டை இவை பற்றி நீங்கள் கேள்விப்படுவதில் உண்மை உண்டு, மழுப்ப மாட்டேன். ஆனால் அதில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் அதே பிளாக்கில் இருக்கிறவர்கள்தான். வேலை முடிந்து இருட்டில் படியேறும் பெண்கள், கடை வைத்திருப்பவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஃப்ளாட்டுக்கு வருவது பெரும்பாலும் வண்டித் திருட்டு, செல்போன் பறிப்பு அளவில்தான். அது வேளச்சேரியிலும் உண்டு.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அந்த அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகா. அதற்கு முன்னால் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் வேலை தர யோசித்தவர்கள் உண்டு, அதைச் சொல்லி வருத்தப்பட்டவர்களை நானே சந்தித்திருக்கிறேன். அந்த வாரம் மட்டும் எல்லோருக்கும் கண்ணகி நகர் நம்ம ஊராகிவிட்டது.

பயத்தை எப்படிச் சோதிப்பது? ஊரைக் கேட்காதீர்கள், ஊர் எதையும் சொல்லும். மூன்று தடவை நேரில் போங்கள். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ராத்திரி போகும்போது காரில் போகாமல் மெயின் ரோட்டில் இறங்கி நடந்து போங்கள், உங்கள் மனைவியும் கூட வரட்டும். எத்தனை விளக்கு எரிகிறது, நடைபாதை இருக்கிறதா, எத்தனை கடை திறந்திருக்கிறது, பெண்கள் தனியாக நடக்கிறார்களா என்பது அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதே அபார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கும் பெண்களிடம் பேசச் சொல்லுங்கள். சொந்தக்காரர் விலை விழுந்துவிடும் என்று மறைப்பார், வாடகைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் காவல் நிலையவாரியாக எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்தால் மாமனாரின் வாட்ஸப் செய்தியை விடத் தெளிவாக இருக்கும்.

இப்போது காம்பவுண்டுச் சுவர்.

2024 தொடக்கத்தில் பெரும்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட் பார்க்கப் போனேன். மிக்ஜாம் புயல் வந்துபோய் இரண்டு மாசம் இருக்கும். வாங்குகிறவர் கூடவே வந்தார். மேலே போய் டைல்ஸைத் தட்டினார், குழாயைத் திறந்தார், சமையலறை அலமாரியைத் திறந்து மூடினார். நான் கீழே நின்றேன். காம்பவுண்டுச் சுவருக்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள், ஆனால் இடுப்பளவு உயரத்தில் மட்டும். அதற்கு மேலே பழைய பெயின்ட் அப்படியே இருந்தது. இ.பி. மீட்டர் பெட்டிகளை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றியிருந்தார்கள், பழைய ஆணித் துளைகள் கீழே அப்படியே இருந்தன. சம்ப்பின், அதாவது தரையடித் தண்ணீர்த் தொட்டியின், வாய்க்கு ஓரடி புதுச் செங்கல் கட்டு. வாட்ச்மேனிடம், “அண்ணே, தண்ணி எவ்ளோ வந்துச்சு?” என்று கேட்டேன். அவர் பேசவில்லை. கையை இடுப்பில் வைத்துக் காட்டிவிட்டு, உள்ளே செயலாளர் வருகிறாரா என்று பார்த்தார். வாங்குகிறவர் மேலேயிருந்து, “சார், பால்கனிலேந்து அந்த பிளாக்லாம் தெரியுது, வேல்யூல எவ்ளோ குறைப்பீங்க?” என்று கத்தினார்.

பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, செம்மஞ்சேரி எல்லாம் சதுப்பு நிலத்தின் ஓரமும் ஏரிகளின் வழியும். தென்சென்னைப் புறநகர் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் பள்ளிக்கரணைக்கு வருகிறது, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கோவளம் பக்கம் கடலில் சேர்கிறது. அத்தனை தண்ணீருக்கும் வெளியேற அந்த ஒரு வாய்தான் பெரிசு. அது திணறினால் தண்ணீர் நின்றுவிடும். 2015இல் நின்றது, 2023 டிசம்பரிலும் நாள்கணக்கில் நின்றது. ஏழைகளுக்கு ஏன் அங்கே வீடு கட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் விரும்பாத தாழ்வான அரசு நிலம் அங்கேதான் மொத்தமாகக் கிடைத்தது. அதாவது, வாரிய பிளாக்குகள் உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. அந்த மண்ணைப் பற்றி ஒரு தகவல் சொல்கின்றன, அவ்வளவுதான். அதே மண்ணில்தான் உங்கள் 54 லட்சமும் நிற்கிறது.

உங்களுக்கு இரண்டாவது மாடி, வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் லிஃப்ட் குழிக்குள் வரும், காருக்குள் வரும், சம்ப்பில் சாக்கடை கலக்கும், டிரான்ஸ்பார்மரை அணைத்துவிட்டால் நாலு நாள் கரண்ட் இருக்காது. மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு நாலு நாள். ஆகவே கேட்க வேண்டியவை: ரோடு உயரமா, உங்கள் மனை உயரமா? 2015, 2023 இரண்டிலும் எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள்? வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், எதிர்ச் சாரி டீக்கடை மூன்று பேரும் ஒரே உயரம் சொன்னால் நம்பலாம்.

சதுப்பு நிலம் இன்னொரு வகையிலும் உங்களைத் தொடுகிறது. பள்ளிக்கரணையில் சுமார் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடிந்து எல்லை முடிவாகும் வரை அந்த எல்லைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாகக் கட்டட அனுமதி தரக் கூடாது என்றது. கட்டி முடித்துக் குடியேறிய ஃப்ளாட்டை அது இடிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் சர்வே எண் அந்த வட்டத்துக்குள் வருகிறதா என்று வக்கீலை வைத்துப் பாருங்கள். நாளைக்கு விற்கும்போதும், பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும்போதும் அந்தக் கேள்வி வரும். தங்கள் பட்டியலில் அந்தப் பகுதியே வேண்டாம் என்று ஒதுக்கும் வங்கியும் இருக்கலாம், லோன் வாங்கப்போகும் கிளையில் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் எல்லாம் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊராட்சி. ரோட்டின் இந்தப் பக்கம் மாநகராட்சிக் குப்பை வண்டி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று பார்த்திருக்கிறேன். உங்கள் அபார்ட்மென்டில் கழிவுநீர் எங்கே போகிறது? எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) என்றால் அது ஓடுகிறதா, அல்லது ரிஜிஸ்டரில் மட்டும் ஓடுகிறதா? மாசத்துக்கு எத்தனை லாரி தண்ணீர் வாங்குகிறார்கள்? அசோசியேஷனின் கடைசி ஒரு வருஷ வரவுசெலவைக் கேட்டு வாங்குங்கள். லாரித் தண்ணீருக்கும் செப்டிக் லாரிக்கும் போகும் தொகையைப் பார்த்தால், மேடவாக்கத்துக்கும் இங்கேயும் உள்ள 12 லட்ச வித்தியாசம் எத்தனை வருஷத்தில் கரையும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அந்த 12 லட்சத்தைப் பற்றி. அது உங்களுக்குக் கிடைத்த லாபம் என்று நினைக்காதீர்கள். கெட்ட பெயருக்காகக் குறைந்த விலை, நீங்கள் விற்கும் நாளிலும் அதே காரணத்துக்காகக் குறையும். உங்கள் மாமனாரைப் போல ஒரு மாமனார் அடுத்து வாங்குகிறவருக்கும் இருப்பார். பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே இருக்கப்போகிறீர்கள், ஆபீஸ் பக்கம், லோன் சிறியதாகும் என்றால் அந்தக் குறைச்சலை அனுபவிக்கலாம். ஐந்து வருஷத்தில் விற்றுவிட்டு வேறு இடம் போவதாக இருந்தால் எனக்கு உற்சாகமில்லை. வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் கதை வேறு. சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் தனியாட்கள் பால்கனியில் என்ன தெரிகிறது என்று பார்ப்பதில்லை, வைஃபையும் பைக் பார்க்கிங்கும் இருந்தால் போதும்.

மெட்ரோ பற்றிப் புரோக்கர் சொல்வது முழுப் பொய்யில்லை. இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து வரும் ஐந்தாவது வழித்தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூரில் முடிகிறது. ஆனால் அந்த மெட்ரோ மேடவாக்கத்துக்கும்தான் வருகிறது. இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒன்றைக் காட்டி ஓர் இடத்தை விற்கப் பார்க்கிறார்.

விலை பேசும்போது வாரியக் குடியிருப்பைக் காரணமாகச் சொல்லாதீர்கள். விற்கிறவருக்கு அது ஏற்கெனவே தெரியும், அதைச் சேர்த்துத்தான் 54 சொல்கிறார். தண்ணீர் நின்ற உயரம், லிஃப்ட் ரிப்பேர் பில், யு.டி.எஸ். எத்தனை சதுர அடி, இவற்றை மேசையில் வையுங்கள். யு.டி.எஸ். என்றால் மண்ணில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்கு. ஒரே பரப்புள்ள இரண்டு ஃப்ளாட்டில் ஒன்றுக்கு 450 சதுர அடி, இன்னொன்றுக்கு 280 என்று இருப்பது சாதாரணம். கட்டடம் பழசாகப் பழசாக அதுதான் விலை. ரீசேல் என்பதால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9 விழுக்காட்டையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

பத்திரங்களில் வழக்கமானவை உங்கள் வக்கீலுக்குத் தெரியும். வாரிய நிலத்துக்குப் பக்கத்தில் வாங்குகிறவர்கள் தவறவிடும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: வழி. உங்கள் அபார்ட்மென்டுக்குப் போகும் ரோடு யாருடையது? ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த ரோடா, அல்லது வாரியத்தின் உள்ரோடா? லேஅவுட் வரைபடத்தையும் எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல வருஷமாக எல்லோரும் போய்வரும் பாதை என்பது பத்திரத்தில் உரிமை ஆகாது. ஒரு நாள் அங்கே கேட் போட்டால் நீங்கள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதே மாதிரி, சுற்றியுள்ள சர்வே எண்களில் மேய்க்கால், ஏரி, வாய்க்கால் புறம்போக்கு எது என்றும் பாருங்கள்.

இன்னொன்று. அங்கே சுற்றும்போது யாராவது காதைக் கடிப்பார்கள்: “சார், ஃப்ளாட்டு எதுக்கு, போர்டு வீடே ஒண்ணு இருக்கு, ஏழெட்டு லட்சத்துல முடிச்சுடலாம், இன்வெஸ்ட்மென்டா வெச்சுக்குங்க.” திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். வாரியம் முதலில் கொடுப்பது ஒதுக்கீட்டாணை. தொகை முழுவதும் கட்டி, விற்பனைப் பத்திரம் கையில் வந்த பிறகுதான் அது அந்தக் குடும்பத்தின் சொத்து. அதற்கு முன்னால் இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதும் எதற்கும் மதிப்பில்லை, ஒதுக்கீடே ரத்தாகலாம். பணம் போவது ஒரு பக்கம், வீடில்லாதவருக்கு என்று கட்டிய வீட்டை இரண்டாவது வீடாக வாங்க நிற்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

நகருக்குள்ளே பழைய வாரிய பிளாக்குக்குப் பக்கத்தில் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வரி: 1970களில் கட்டிய பிளாக்குகளை இடித்து அதே இடத்தில் உயரமாகக் கட்டிவருகிறார்கள். இன்று மூன்று மாடி தெரியும் ஜன்னலில் சில வருஷத்தில் எட்டு மாடி தெரியலாம், இடையில் இரண்டு மூன்று வருஷம் தூசியும் ஜல்லி லாரியும் உண்டு. ஆனால் புது பிளாக் வந்தால் தெருவுக்குப் புது சாக்கடைக் குழாயும் டிரான்ஸ்பார்மரும் வர வாய்ப்பு உண்டு. அங்கே கெட்ட பெயர்ப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை, பார்க்கிங் பிரச்சினை உண்டு.

விளம்பரத்தில் வரும் “அஃபோர்டபிள் ஹவுசிங்” வேறு சமாசாரம். அது ஜி.எஸ்.டி. கணக்கில் வரும் பெயர். சென்னையில் கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு) 60 சதுர மீட்டருக்குள், விலை 45 லட்சத்துக்குள் இருந்தால் கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட்டுக்கு 1 விழுக்காடு வரி, மேலே போனால் 5. உங்களைப் போன்றவர்களேதான் அதை வாங்குகிறார்கள்.

கடைசியாகக் குழந்தை. மாமனாரின் கவலையில் பெரும்பங்கு அதுதான் என்று நினைக்கிறேன், அவர் சொல்லாவிட்டாலும்.

அந்தப் பக்கத்தில் ஓர் அபார்ட்மென்டில் நடந்தது. பின்சுவரில் ஒரு சின்ன கேட். அதன் வழியாகத்தான் வாரியக் குடியிருப்பிலிருந்து வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் காலையில் வருவார்கள். ஐந்தே முக்காலுக்கெல்லாம் அந்தக் கேட்டில் கூட்டம் நிற்கும், வாட்ச்மேன் ரிஜிஸ்டரில் பெயர் எழுதி உள்ளே விடுவார். ஒரு சைக்கிள் காணாமல் போனது. அசோசியேஷன் கூட்டம் போட்டு, கேட்டை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துச் சுவரை அடைத்தது. அப்புறம் அந்தப் பெண்கள் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்தார்கள். ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஏழே முக்காலுக்கு வந்தார், ஸ்கூல் வேனுக்கு டிபன் பாக்ஸ் ரெடியாகவில்லை, சிலர் வேறு அபார்ட்மென்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே பதினோரு வருஷமாகச் சமைக்கும் ஓர் அக்கா என்னிடம், “சைக்கிளை எட்த்தது மூணாவது மாடி பையனோட ஃப்ரெண்டு தம்பி. அது எங்க எல்லாத்துக்கும் தெரியும். எங்களை யாரு கேட்டாங்க?” என்றார். ஆறு மாசத்தில் சுவரை இடித்துத் திரும்பக் கேட் போட்டார்கள். சுவருக்கு ஆன செலவு மெயின்டனன்ஸ் கணக்கில் “சிவில் வேலை” என்று இருக்கிறது, நானே பார்த்தேன்.

நீங்கள் வாங்கும் அபார்ட்மென்டில் இந்த மாதிரி கேட் இருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் முகம் தெரியும் என்று அர்த்தம். முகம் தெரிந்த இடத்தில் குழந்தை தெருவில் தடுமாறினால் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்று ஆள் உயரத்துக்குச் சுவரும் மேலே கம்பியும் போட்டிருந்தால், அங்கே இருக்கிறவர்கள் பயந்து வாழ்கிறார்கள். அந்த வீட்டை நான் வாங்க மாட்டேன்.

ஆகவே உங்கள் ஃப்ளாட்டுக்கு என் பதில்: வாரிய பிளாக்குகள் தெரிவதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2023 தண்ணீர் முழங்காலுக்குக் கீழே நின்றிருந்து, இரண்டு நாளில் வடிந்திருந்து, வழி பத்திரத்தில் சரியாக இருந்து, பத்து வருஷம் இருப்பதாக இருந்தால் 50க்குக் கேளுங்கள், 51க்குள் முடிந்தால் வாங்குங்கள். இடுப்பளவு நின்றிருந்தால் 45க்குக் கொடுத்தாலும் வேண்டாம், மேடவாக்கத்தில் கொஞ்சம் சின்னதாகப் பாருங்கள். ஆனால் அங்கேயும் சுவரைப் பார்த்துவிட்டுத்தான், மேடவாக்கம் எல்லாம் மேடு இல்லை. இந்த வாரம் போனால் வாட்ச்மேன் கை எந்த உயரத்தில் நின்றது என்று எழுதுங்கள், யு.டி.எஸ். எவ்வளவு என்றும் சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.